கேற்றடிக் கதிரை

முதன்முதலில் அவரைக் கண்டபோது அவருடைய மணிக்கட்டும் மகளின் மணிக்கட்டும் ஒரே துணியால் கட்டப்பட்டிருந்தன. ஆண்கள் உடுத்தும் பழைய சாரமொன்றிலிருந்து கிழித்த துணி. நீலக் கட்டம் போட்டது, தோய்த்துத் தோய்த்து வெளிறிப்போனது. பள்ளிக்கூட அதிபரின் அறைக்கு வெளியே சுவரோடு சாய்ந்து இருவரும் நின்றார்கள். மகளுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். உரிந்துகொண்டிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டி, விழுகிற தூளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் எதையும் பார்க்கவில்லை. பஸ்ஸில் நெடுந்தூரம் நின்றுகொண்டே வந்தவர்களுக்கு இறங்கிய பிறகும் உடம்பில் ஓர் ஆட்டம் இருக்குமே, அப்படி லேசாக ஆடிக்கொண்டு நின்றார்.

இருவரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எங்களுடையது சின்னத் தீவு, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் அப்படித்தான். தோட்டவெளிப் பக்கத்தில் வீடு. கணவர் கடலுக்குப் போகிறவர். அக்காவும் கருவாடு காயவைக்கும் வாடியொன்றில் வேலை செய்து, மகளைக் கவனிக்க ஆளில்லாமல் நின்றுவிட்டவர். மகளுக்கு ஓட்டிசம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சொன்னார்களே தவிர, அதன் பிறகு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. வேறு பள்ளிக்கூடங்களில் கேட்டுப் பார்த்து, இடமில்லை என்று கேட்டுக் கேட்டு, கடைசியாக எங்களிடம் வந்திருந்தார். நான் விசேட கல்விக்குப் பயிற்சி முடித்து, அந்தப் பள்ளிக்கூடத்தில் புதிதாகத் தொடங்கிய அலகுக்கு ஆசிரியையாக வந்து சேர்ந்திருந்த காலம் அது.

எங்கள் அதிபர் கெட்டவர் அல்லர். பிள்ளைகளை அடிக்காதவர். ஆனால் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்ததால் எதிலும் ஒரு வில்லங்கம் வந்துவிடக்கூடாது என்பதே அவருடைய நாளாந்தப் பிரார்த்தனையாக இருந்தது. துணியைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"அதை அவிழ்த்து விடுங்கோ அம்மா. பள்ளிக்கூடத்துக்குள்ள இப்பிடிக் கட்டிக்கொண்டு நிக்கிறது சரியில்லை."

"அவிழ்த்தால் ஓடுவா சேர்."

"எங்க ஓடுவா?"

"கடலுக்கு. வேற ஒரு இடத்துக்கும் போகமாட்டா."

அதிபர் யன்னல் பக்கம் பார்த்தார். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கடல் தெரியாது. ஆனால் வீதியைக் கடந்து, தேவாலய மதிலோரமாகச் சிறிது தூரம் நடந்தால் கால் நனையும். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "தாய் ஒவ்வொரு நாளும் வந்து, பள்ளிக்கூடம் விடுமட்டும் கேற்றடியில இருக்கிறதெண்டால் எடுக்கலாம்," என்றார். தாய் உடனே "ஓம்" என்றார். யோசித்துப் பார்க்கவேண்டிய ஒன்றாக அது அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. எனக்கும் அன்று அது ஒரு நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் அன்று பின்னேரம் பஸ் ஏறினேன்.

நூலகத்தில் கைப்பிடி உடைந்து கிடந்த மரக்கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டுவந்து கேற்றடி வேம்பின் கீழ் போட்டோம். கேற் இரும்பு. உப்புக் காற்றில் பிணைச்சல் துருப்பிடித்து ஒரு பக்கம் சரிந்து, அடியில் மணல் ஏறி, எந்நேரமும் ஓராள் நுழையக்கூடிய அளவுக்குத் திறந்தே கிடக்கும். கழுதைகள் அதற்குள்ளால் வந்து பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகளை மோந்து பார்க்கும். அவற்றைக் கலைப்பதும் மெல்ல மெல்ல அவருடைய வேலையாகிப்போனது. பிறகு, பிந்தி வரும் பிள்ளைகளின் பெயரைக் கேட்பது, காய்ச்சல் வந்த பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போக வரும் தகப்பனை உள்ளே அனுப்புவது, ஆசிரியர்களின் குடைகளை வாங்கி வைப்பது. ஒருவரும் அவரிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. ஆனால் அவர் அங்கே இருந்தார். அங்கே இருக்கிற ஆளிடம் வேலை தானாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அவரைச் சாந்தமான தாயாக யாரும் நினைத்துவிடக்கூடாது. வாய் கொஞ்சம் கூடத்தான். கேற்றடியில் ஐஸ்பழம் விற்கிறவரோடு வாரத்துக்கு ஒரு சண்டை பிடிப்பார். பிள்ளையைப் பற்றிப் பரிதாபமாக விசாரிக்கிற பெண்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகளிடமும் எரிந்து விழுவார். "என்ர உயிரை வாங்குறதுக்கெண்டே பிறந்தனீ" என்பார். சொல்லிவிட்டு அவள் காதுக்குள் ஏறிய மணலை முந்தானை நுனியால் துடைத்துவிடுவார்.

எங்கள் அலகு என்பது ஒரு களஞ்சிய அறையின் பாதி. நடுவில் இரண்டு அலுமாரிகளை நிறுத்தித் தடுத்திருந்தோம். காது கேளாத பிள்ளை, எழுத்துகள் இடம்மாறித் தெரிகிற பிள்ளை, வலிப்பு வருகிற பிள்ளை, பத்து வயதாகியும் ஒன்று இரண்டு எண்ணத் தெரியாத பிள்ளை. எல்லோருக்கும் நான் ஒருத்தி. காலையில் அலகில் பாடம்; பிறகு ஒவ்வொருவரையும் அவரவர் வயதுக்குரிய வகுப்பில் கொண்டுபோய் இருத்தவேண்டும். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கவேண்டும் என்பதுதான் சட்டம். அது நல்ல சட்டம். ஆனால் அதை எழுதியவர்கள், ஒருத்தி ஒரே நேரத்தில் எத்தனை வகுப்பில் நிற்கலாம் என்று எழுதவில்லை.

மகளை மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டேன். அந்த வகுப்பாசிரியை வாசலிலேயே மறித்தார். "எனக்கு இருக்கிறதுகளே காணும் ரீச்சர். அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினைக்கு ஆயத்தப்படுத்தவேணும் எண்டு தாய்தகப்பன் இப்பவே நெருக்குதுகள். இவ இருந்து முனகினால் நான் என்னெண்டு படிப்பிக்கிறது?" என்றார். மகள் உண்மையாகவே முனகுவாள். காற்றில்லாத நாளில் படகின் இயந்திரம் தூரத்தில் கேட்பதுபோல் ஒரே சுருதியில் ஓர் ஓசை. மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். சோக்குத் துண்டுகளை அளவு பார்த்து நிரையாக அடுக்குவாள். யாராவது ஒன்றை எடுத்துவிட்டால் வகுப்பே அதிரும்படி கத்துவாள். சில மாதங்கள் போன பிறகு, ஒருநாள் அந்த ஆசிரியை அலகுக்கு வந்து, "நேற்று அவ வராததால வகுப்பு ஒரு மாதிரி இருந்தது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் அந்த முனகலுக்குப் பழகிவிட்டார்களாம். அது இல்லாமல் கணக்குச் செய்ய ஒருத்திக்கு நித்திரை வந்ததாம்.

இடைவேளையில் சில வேளை நான் கேற்றடிக்குப் போவேன். அவர் தன்னுடைய தேத்தண்ணியில் பாதியை எனக்கு ஊற்றித் தருவார். அதிகம் கதைக்கமாட்டோம். இரண்டு பேருமே களைத்திருப்போம். ஒருமுறை அவர் கேட்டார்: "நீங்கள் பின்னேரம் வீட்டை போய் என்ன செய்வீங்கள் ரீச்சர்?" தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியைக் கடந்து, திருக்கேதீஸ்வரம் பக்கம் இறங்கி, வயலோரமாகச் சைக்கிளில் போய், முகம் கழுவிவிட்டுச் சும்மா படுத்துவிடுவேன் என்றேன். "கனநேரம் படுப்பீங்களோ?" என்றார். அரை மணித்தியாலம் என்றேன். ஆஸ்தியுள்ளவர்களின் சங்கதியைக் கேட்பதுபோல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் இரவில் தொடர்ந்து நித்திரை கொள்வதில்லை. எழும்பி நடப்பாள், கதவைத் தட்டுவாள். கணவர் விடியப்புறம் கரைக்கு வரும்போது வலையில் இருந்து மீன் தெரிந்தெடுக்கவும் இவரே போகவேண்டும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம்.

ஒருமுறை பரிசளிப்பு விழா வைத்தோம். பெரிய அதிகாரி ஒருவர் பிரதம விருந்தினர். அவர் வரும்போது கேற்றடியில் இருந்தவரைப் பற்றி யாரோ சொல்லியிருக்கவேண்டும். மேடையில் தாய்மையைப் பற்றி நீளமாகப் பேசினார். தியாகம் என்றார், தெய்வம் என்றார். பிறகு அந்தத் தாயை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தப்போவதாகச் சொன்னார். அக்கா வரமாட்டேன் என்று நின்றார். இரண்டு ஆசிரியைமார் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். மகளும் கூடவே ஏறினாள். அவளை விட்டுவிட்டு ஏற முடியாதே. பொன்னாடையை விரித்தபோது அவர் ஓர் அடி பின்னால் போய், தாழ்ந்த குரலில், ஒலிவாங்கிக்கு எட்டுகிற தூரத்தில், "இது வேண்டாம் சேர். ஒரு ஆளைத் தாங்கோ. ஒரு நாளைக்கு நான் நித்திரை கொள்ளவேணும்," என்றார்.

சபையில் சிலர் சிரித்தார்கள், பகிடி என்று நினைத்து. அதிகாரியும் சிரித்துக்கொண்டே போர்த்திவிட்டார். அந்தப் பொன்னாடையின் பளபளப்பை மகள் மேடையில் நின்றே விரலால் தடவத் தொடங்க, அது எல்லோருக்கும் அழகாகத் தெரிந்தது. கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. அவர் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

மகள் நான்காம் வகுப்புக்கு வந்த வருடம், தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று உரத்து வீசிய மாதத்தில் அது நடந்தது. அந்தக் காற்று வந்தால் மணல் வகுப்புக்குள்ளேயே ஏறும். யன்னல்களைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்துவோம். நான் அலகில் இருந்தேன். மகள் தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று வகுப்பில் நினைத்திருக்கிறார்கள். வழக்கமாக அவள் குழாயடியில் கொஞ்சநேரம் நின்று, விழுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவாள். வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது குழாயடியில் ஒருவரும் இல்லை. கேற்றடியில் அவர் கதிரையில் இருந்தபடி, தலையை வேம்போடு சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி, நித்திரையாகிப் போயிருந்தார். அவ்வளவு காற்றிலும், முகத்தில் மணல் அடிக்க அடிக்க, அசையாமல். அவரை எழுப்ப எனக்கு மனம் வராமல் ஒரு கணம் நின்றது நினைவிருக்கிறது. பிறகு தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார், எழும்பி ஓடினார்.

வீதியில் வந்துகொண்டிருந்த ஒருவர், வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளை ஒன்று கரைப்பக்கம் போனதைக் கண்டதாகச் சொன்னார். ஆசிரியர்கள், பெரிய வகுப்புப் பிள்ளைகள், ஐஸ்பழக்காரர், எல்லோரும் ஓடினோம். அவள் தண்ணீருக்குள் நின்றாள். நெஞ்சளவு தண்ணீர். சீருடை காற்றில் ஊதினதுபோல் தண்ணீரில் மிதந்து விரிந்திருந்தது. கரையில் நின்று நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். கூப்பிடக் கூப்பிட அவள் உள்ளே ஓர் அடி வைத்தாள். "ஒருத்தரும் கூப்பிட வேண்டாம்," என்றார் தாய். சேலையோடு இறங்கினார். பக்கத்தில் போய், தொடாமல், அவள் பார்த்த பக்கமே தானும் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் மகளே திரும்பி, தாயின் கையைத் தேடிப் பிடித்தாள். இரண்டு பேரும் சந்தையிலிருந்து வருவதுபோல் நடந்து வந்தார்கள்.

அடுத்த நாள் அதிபரின் அறையில் கூட்டம். நான்காம் வகுப்புப் பெற்றோர் சிலர் வந்திருந்தார்கள். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள், பாடம் குழம்புகிறது, நாளைக்கு ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்றார்கள். அவர்களுடைய பயமும் பொய்யில்லை. அதிபர் தாயைப் பார்த்து, "நீங்கள் பார்த்துக்கொள்ளுவீங்கள் எண்டுதானே அம்மா நாங்கள் எடுத்தனாங்கள். என்னெண்டு நித்திரையாப் போனீங்கள்?" என்றார். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

அக்கா மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தார். "நான் இந்தப் பள்ளிக்கூடத்தில வேலை செய்யிறன் எண்டு எனக்குத் தெரியாது சேர்," என்றார். "தெரிஞ்சிருந்தால் லீவு கேட்டிருப்பன்."

அவர் எழும்பினார். "பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போறன். நீங்கள் ஒருத்தரும் கரைச்சல்படத் தேவையில்லை." சாரத்துணியை இடுப்பிலிருந்து எடுத்து, தன் மணிக்கட்டில் ஒரு முடிச்சு, மகளின் மணிக்கட்டில் ஒரு முடிச்சு. வாசலில் என்னைக் கடக்கும்போது, "எனக்கு ஏலாது ரீச்சர்," என்றார். குற்றம் சாட்டுகிற தொனி இல்லை அதில். காய்ச்சல் என்று சொல்வதுபோல் சொன்னார்.

அந்த வாரமே இரும்பு ஒட்டுவேலைக்காரர் ஒருவர் வந்து கேற்றின் பிணைச்சலை மாற்றினார். அடியில் கிடந்த மணலை வெட்டி எடுத்தார்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் வேலை முடிந்துவிட்டது. கேற் முதன்முறையாகச் சாத்தி நின்றதை நான் அலகின் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு காலை நேரத்து வேலை. அதைச் செய்யாமல் இவ்வளவு காலம் இருந்ததற்கு ஒரே காரணம், அங்கே ஒரு தாய் இருந்தது. கழுதைகள் வெளியே நின்று கம்பிக்குள்ளால் பார்த்தன.

நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். ஒருமுறை போய்ச் சரிவராமல், பிறகும் போனேன். கிடுகுக் கொட்டிலின் கீழ் அவர் மீன் கீறிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் இருந்து உப்பை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்; அவள் மணிக்கட்டுத் துணியின் மறுமுனை கொட்டில் காலில் கட்டியிருந்தது. "படிப்பு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல," என்றார் அவர், தலையைத் தூக்காமல். "அங்க போனாப் பிறகு அவ தன்ர சட்டையைத் தானே போடுறா. ஆரும் வந்தால் பயப்பிடுறேல்ல. எனக்கு அது தெரியும். ஆனால் அந்தக் கதிரையில என்னால இனி இருக்க ஏலாது."

"நீங்கள் வரத் தேவையில்லை அக்கா. பிள்ளை மட்டும் வந்தால் காணும்."

கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆர் பாக்கிறது?"

நான் என்றேன். நான்காம் வகுப்பு ரீச்சரும் என்றேன். அது ஓரளவுக்குத்தான் உண்மை. மூன்றாம் வகுப்பு ஆசிரியையே பிள்ளைகளோடு நான்காம் வகுப்புக்கும் வந்திருந்தார். அவரிடம் நான் கேட்டபோது நீளமாகப் பெருமூச்சு விட்டு, "கதவைச் சாத்தி வச்சுப் பார்ப்பம்," என்று மட்டும் சொல்லியிருந்தார். அதிபரிடம் பேசியதைப் பற்றி எழுதினால் பல பக்கம் வரும். கடைசியில் அவர் சம்மதித்தது என் வாதத்தால் அல்ல, அந்தத் தாழ்ப்பாளால் என்றுதான் நினைக்கிறேன்.

தாயில்லாமல் மகள் வந்த முதல் நாளை என் உடம்பு மறக்கவில்லை. கேற் சாத்தியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தூக்கப் போன என் முன்கையைக் கடித்தாள். தழும்பு இன்றும் இருக்கிறது. வீதிக்கு அப்பால், தேவாலய மதிலுக்குப் பின்னால், ஒரு சேலைத் தலைப்பு காற்றில் பறப்பதை நான் கண்டேன். போங்கோ என்று கையால் காட்டினேன். நெடுநேரம் கழித்து அது மறைந்தது. அடுத்த நாளும் கத்தினாள். அதற்கடுத்த வாரம் குறைந்தது. ஒருநாள் தானே வகுப்புக்கு நடந்து போய், தன் இடத்தில் இருந்து, முனகத் தொடங்கினாள். மூன்று நாலு பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் தாயைச் சந்தையில் கண்டேன். நித்திரையில்லாமல் முகத்தில் இருந்த வீக்கம் வற்றியிருந்தது. "பகல் முழுக்கப் படுத்தன் ரீச்சர்," என்றார். "எழும்பிப் பார்த்தால் வெயில் இறங்கிப்போச்சு. ஏனெண்டு தெரியாது, இருந்து அழுதன்." பிறகு திரும்பவும் வாடிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். அவர் சுமந்தது எங்கும் மறைந்துபோகவில்லை. ஒரு பகுதி என் தலைக்கு வந்தது, ஒரு பகுதி அந்த ஆசிரியையின் தலைக்குப் போனது. எனக்கு முதுகுவலி தொடங்கியதும், பின்னேர பஸ்ஸில் தாம்போதியைக் கடக்கும் முன்னமே நித்திரையாகி இறங்கும் இடத்தைத் தவறவிட்டதும் அந்தக் காலத்தில்தான். உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று வருடா வருடம் கேட்டோம். பார்ப்போம் என்றார்கள். இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மகள் எங்களோடு பல வருடங்கள் இருந்தாள். எழுத்தில் தன் பெயர் மட்டும். ஆனால் மணி அடித்தால் மேசைக்குக் கீழே போவதை விட்டாள். காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவளோடு தொடங்கிய பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதி வெளியேறினார்கள். அவளுக்கும் வயது வந்துவிட்டது. பள்ளிக்கூடம் அவளை அதற்கு மேல் வைத்திருக்க முடியாது. கடைசி நாள் என்று ஒன்று அவளுக்குத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமையும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாளாம். அதற்கடுத்த நாளும் நின்றாளாம். சட்டையை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது என்று தாய் சொன்னார்.

பிறகு வந்த வருடங்கள் அவருக்குக் கொடுமையானவை. கணவர் போய்ச் சேர்ந்தார். அக்காவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கூடியது. மகள் தாயைவிட உயரமாக, பலமாக வளர்ந்தாள். துணியால் கட்டினால் இப்போது தாய்தான் இழுபட்டுப் போகவேண்டும். ஒருநாள் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பெருநிலத்தில், வயல்களுக்கு நடுவே, கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார் நடத்துகிற ஓர் இல்லம் இருக்கிறதாம். இப்படிப்பட்ட பெண்பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கிறார்களாம். ஓரிடம் இருக்கிறதாம்.

"பெத்ததைக் கொண்டுபோய் விடப்போறா எண்டு சனம் கதைக்குது. கதைக்கட்டும்," என்றார். "ஆவணியில மடு மாதா கோயிலுக்குப் போனனான். இவ்வளவு காலமும் மாதாவிட்ட, பிள்ளையைச் சுகமாக்குங்கோ எண்டு கேட்டனான். இந்தமுறை அதைக் கேக்கேல்ல. எனக்குப் பிறகு ஆர் எண்டு காட்டுங்கோ எண்டு கேட்டன். வந்து கிழமை முடியேல்ல, சிஸ்டர் ஆள் அனுப்பியிருக்கிறா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்கள் என்ன சொல்லுறீங்கள் ரீச்சர்?"

பிள்ளைகளைப் பிரித்து வைக்கக்கூடாது, ஊரோடும் மற்றவர்களோடும் சேர்ந்தே வளரவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பயிற்சி வகுப்புகளில் அதைத்தான் படிப்பித்தேன். இப்போதும் அதை நம்புகிறேன். ஆனால் சேர்ந்து வளர்வதற்கு ஊர் கொடுத்தது ஒரு கதிரையையும் ஒரு பொன்னாடையையும்தான். அதை அவருக்குச் சொல்லி என்ன பிரயோசனம். "எப்ப போறீங்கள்? நானும் வாறன் அக்கா," என்றேன்.

ஓட்டோவில் போனோம். தாம்போதியில் இரண்டு பக்கமும் தண்ணீரைக் கண்டதும் மகள் முனகத் தொடங்கினாள். இறங்க எத்தனிக்கவில்லை, பார்த்துக்கொண்டே வந்தாள். இல்லத்தில் ஒரு சிஸ்டர் அவளுக்குத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். அவள் அதன் விளிம்பில் கையை வைத்து நின்றுகொண்டாள். நாங்கள் புறப்பட்டபோது திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில் தாம்போதிப் பாலத்தில் வைத்து அக்கா, "அவ பாக்கேல்ல, என்ன ரீச்சர்," என்றார். ஓம் என்றேன். அது நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை.

நான் இன்னும் அதே அலகில்தான் இருக்கிறேன். அலுமாரிகளின் இடத்தில் இப்போது ஒரு சுவர் கட்டியிருக்கிறார்கள். புது அதிபர் இளையவர், ஓட்டிசம் என்றால் என்னவென்று தெரிந்தவர். உதவிக்கு ஆளில்லை என்பது மட்டும் மாறவில்லை. சில காலைகளில் பஸ்ஸை விட்டு இறங்கவே கால் மறுக்கிறது. அப்படியான ஒரு காலையில், நகரத்துத் துணிக்கடையொன்றில் வேலை செய்யும் பெண் என்னை மறித்தாள். மகளோடு நான்காம் வகுப்பில் படித்தவள். "ரீச்சர், அவ இப்ப எங்க? சுகமா இருக்கிறாவோ?" என்று கேட்டாள். மகள் வகுப்பில் முனகிய சுருதியைத் தன் கைக்குழந்தையை நித்திரையாக்கத் தான் இப்போதும் பாவிப்பதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். அன்று கால் மறுக்கவில்லை, நான் வகுப்புக்குப் போய்விட்டேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் அக்காவோடு இல்லத்துக்குப் போவதுண்டு. அவர் பூசைக்குப் போய்விட்டு, பொரித்த பாரை மீனும் சோறும் கட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் நிற்பார். போன மாதமும் போனோம். மகள் கொஞ்சம் உடம்பு வைத்திருக்கிறாள். பகலில் சிஸ்டர்மாரோடு குசினியில் கோப்பை கழுவுகிறாளாம். தாயைக் கண்டதும் பையைத்தான் முதலில் வாங்கினாள். சாப்பிட்டாள். அவர் பக்கத்தில் இருந்து முள் எடுத்துக்கொடுத்தார். பிறகு தாயின் சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விறாந்தையில் இருந்தாள். வெயில் தாழத் தொடங்கிய நேரம், எழும்பிப் போனாள். வாசற்படியில் கழற்றிக் கிடந்த செருப்புகளுக்குள் தாயின் செருப்பைத் தெரிந்தெடுத்து, தூசி தட்டி, தாயின் காலடியில் இரண்டையும் சோடியாக, வெளிப்பக்கம் பார்க்க வைத்தாள். வைத்துவிட்டுக் காத்து நின்றாள்.

அக்கா செருப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "என்னை அனுப்புறா," என்றார். "வீட்டுக்கு வந்த ஆக்களை அனுப்புற மாதிரி."

குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். போய் வாறன் என்று மகளிடம் சொன்னார். மகள் அதற்குள் குசினிப் பக்கம் திரும்பிவிட்டாள். உள்ளே கோப்பைகள் கழுவ இருந்தன. நாங்கள் வயலோரமாக நடந்து வீதிக்கு வந்து, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.